அந்த வாட்ச் சீன்லயே டிவியை ஆஃப் பண்ணிட்டேன்

பழையசாவி:

ரொம்ப நாளா எழுதணும்னு நெனச்சு தள்ளிப் போட்டுட்டே வந்தது இது. 'தி ஃபாதர்' படம், 2020ல வந்தது, ஆன்டனி ஹாப்கின்ஸ் நடிச்சது. ஒன்றரை மணி நேரத்துக்கு கொஞ்சம் கூட ஓடும், அவ்ளோதான். அத பாத்து முடிக்க எனக்கு ஒரு மாசம் ஆச்சு. நாலு தவணையா பாத்தேன். கதைய சொல்லித்தான் ஆகணும், பாக்காதவங்க இதோட நிறுத்திக்கோங்க.

அந்தப் பெரியவருக்கு மறதி நோய். கைக்கடிகாரத்த காணோம்னு தேடிட்டே இருப்பார், பாத்துக்க வந்த பொண்ணு திருடிட்டா'ன்னு சொல்வார், பாத்தா அவரேதான் பாத்ரூம்ல ஒளிச்சு வெச்சிருப்பார். அங்கயே டிவியை ஆஃப் பண்ணிட்டேன். எங்க வீட்ல வாட்ச் இல்ல, சாவிக்கொத்து. அப்பாவ நான் அஞ்சு வருஷம் பாத்துக்கிட்டேன், அதுல கடைசி மூணு வருஷம் நான்தான் வீட்டுத் திருடன். தலையணை உறைக்குள்ள இருந்து எடுத்துக் குடுத்தா வாங்கிட்டு, "நீயே ஒளிச்சு வெச்சுட்டு நீயே எடுத்துத் தரியா"ன்னு கேப்பார். வர்றவங்க போறவங்க கிட்டயும் சொல்வார். அதுல பாதி பேர் நம்பினாங்கன்னு இன்னிக்கும் எனக்கு சந்தேகம்.

ஆனா நான் எழுத வந்தது அது இல்ல. ரெண்டாவது தவணைல ஒண்ணு கவனிச்சேன். படத்துல வீடு கொஞ்சம் கொஞ்சமா மாறிட்டே இருக்கு. சமையலறை டைல்ஸ் வேற, நாற்காலி வேற, சுவத்துல இருந்த படத்த காணோம், ஆனா யாரும் அதப்பத்தி ஒரு வார்த்த பேசறதில்ல, நமக்கே நாம சரியா பாக்கலையோன்னு தோணும். எங்கப்பா பொழுது சாஞ்சா போதும், "வீட்டுக்குப் போலாம் வா"ன்னு ஆரம்பிச்சிடுவார். இதுதான்பா வீடு, இந்தா பாருங்க நீங்க அடிச்ச ஆணி, நீங்க வாங்கின பீரோன்னு தினமும் நான் வக்கீல் மாதிரி ஆதாரம் காட்டிட்டு இருந்தேன். பிடிவாதம் பிடிக்கறார்னு கோவம் வரும். அவர் கண்ணுக்கு அது நெஜமாவே வேற வீடா தெரிஞ்சிருக்கும்ங்கறது அவர் போய் ரெண்டு வருஷம் கழிச்சு, ஒரு படம் பாத்துதான் எனக்கு ஒறச்சுது.

இப்போ கேள்வி. இது நல்ல படமா, இல்ல எங்கப்பாவுக்காக அழ எனக்கு ஒரு சாக்கு கெடச்சுதா? ரெண்டையும் பிரிக்கவே முடியல. இன்னொரு கேள்வியும் இருக்கு, அத அப்புறம் கேக்கறேன்.

கணக்குப்புலி:

சாக்குதான் ப்ரோ. தப்பா எடுத்துக்காதீங்க. 100 வருஷத்துக்கு முன்னாடி ரஷ்யால குலெஷோவ்னு ஒரு டைரக்டர் ஒரு நடிகரோட ஒரே முகத்த எடுத்துக்கிட்டு, பக்கத்துல ஒரு தடவ சூப் கிண்ணம், ஒரு தடவ சவப்பெட்டி, ஒரு தடவ ஒரு பொண்ணுன்னு ஒட்டிக் காட்டினார். பாத்தவங்க பசி, துக்கம், ஆசைன்னு என்னமா நடிக்கிறார்னாங்களாம். முகம் ஒண்ணேதான். பாக்கறவன் தன்கிட்ட இருக்கறத எடுத்து அங்க வெக்கறான். நீங்க சாவிக்கொத்த வெச்சீங்க.

பழையசாவி:

அப்படின்னா மறதி நோய் வர்ற எல்லாப் படத்துலயும் எனக்கு இது நடந்திருக்கணும்ல? அப்பா இருக்கும்போதே நாலஞ்சு பாத்தேன், எப்படி சமாளிக்கறதுன்னு எதாவது தெரிஞ்சுக்கலாம்னு. எல்லாத்துலயும் பெரியவர் பாவமா ஜன்னல் பக்கம் பாத்துட்டு இருப்பார், பின்னாடி பியானோ ஓடும். ஒண்ணும் ஆகல எனக்கு. கடைசி ஒண்ணுல தூங்கிட்டேன்.

கணக்குப்புலி:

ஹாஹா பியானோ பாயிண்ட் ஒத்துக்கறேன்.

ஈரக்குடை:

எனக்கு 'இன்சைட் அவுட்', ஊர் மாறிப் போற ஒரு 11 வயசுப் பொண்ணோட மண்டைக்குள்ள சந்தோஷம், சோகம், பயம் எல்லாம் ஆளுங்களா வர்ற படம். கார்ட்டூன் படம்தானேன்னு தங்கச்சி பசங்களுக்காக போட்டேன். எனக்கும் சரியா 11 வயசுலதான் வேற ஊருக்குப் போனோம், புது ஸ்கூல், ஒருத்தரையும் தெரியாது. அம்மா அப்பா கஷ்டத்துல இருந்தாங்க, அதனால நான் சிரிச்ச மூஞ்சியாவே இருக்கணும்னு எனக்கு நானே முடிவு பண்ணிக்கிட்டேன், யாரும் சொல்லல, படத்துல அம்மா வாய் விட்டே கேப்பாங்க அது வேற விஷயம். 2015ல வந்த படம், அப்போ எனக்கு 30 தாண்டிடுச்சு. 19 வருஷம் வெச்சிருந்த சிரிப்ப எங்க கொண்டு போய் இறக்கறதுன்னு தெரியாம பசங்க முன்னாடி உக்காந்திருந்தேன், சின்னவன் வந்து "பெரியம்மா, கண்ணுல என்ன"ன்னு கேட்டான்.

டைரக்டர் பீட் டாக்டர் அவரோட பொண்ணு 11 வயசுல திடீர்னு அமைதியா ஆனத பாத்துதான் இந்தக் கதைய யோசிச்சாராம். முதல்ல சந்தோஷம் கூட பயணம் போறது பயம்னுதான் எழுதியிருந்தாங்க, ரொம்ப நாள் போனப்புறம்தான் அது சோகமா இருக்கணும்னு மாத்தினாங்க. மாத்தலைன்னா நல்ல காமெடிப் படமா போயிருக்கும், என் பக்கமே வந்திருக்காது.

மொட்டைராணி:

நான் கொஞ்சம் எதிர்ப்பக்கம் நிக்கறேன். என் வாழ்க்கைல நடந்தத படத்துல பாத்தா எனக்கு எரிச்சல்தான் வரும். எனக்கு கேன்சர் வந்து போயிடுச்சு, இப்போ நல்லா இருக்கேன், அதனால ஐயோ பாவம்னு யாரும் எழுத வேண்டாம் ப்ளீஸ். படத்துல கேன்சர்னா ஒரு இருமல், கர்சீஃப்ல ரத்தம், அழகா ஒரு மொட்டை, அப்புறம் ஒடம்பு இளைச்சு இளைச்சு தேவதை மாதிரி ஆயிடுவாங்க. எனக்கு ஸ்டீராய்டுல மூஞ்சி பூசணிக்கா மாதிரி வீங்கி வெயிட் ஏறிடுச்சு. பாக்க வந்தவங்க "நல்லா தெம்பாதான இருக்க"ன்னு சொல்லிட்டுப் போனாங்க. வீங்கின மூஞ்சியோட ஒரு ஹீரோயின நான் இதுவரைக்கும் பாக்கல. எல்லா மருந்துக்கும் முடி கொட்டாதுங்கறது கூட எந்தப் படத்துக்கும் தெரியாது.

ஆனா எனக்குன்னு ஒரு படம் இருக்கு, சொன்னா சிரிப்பீங்க. 'கிரவுண்ட்ஹாக் டே'. 1993ல வந்த காமெடி. பில் முர்ரே தினமும் காலைல 6 மணிக்கு அதே அலாரம், அதே பாட்டுல எழுந்துப்பார், அதே நாள் திரும்பத் திரும்ப வரும். எனக்கு 21 நாளைக்கு ஒரு தடவ கீமோ. அட்மிட் ஆனா காலைல 6 மணிக்கு ரத்தம் எடுக்க வருவாங்க, அதே ட்ரே, அதே "கைய மடக்குங்க", அதே கேள்வி. அந்தாளு வேற வழியில்லாம பியானோ கத்துப்பார். நான் எந்த நர்ஸ் வலிக்காம குத்துவாங்கன்னு கத்துக்கிட்டேன், எந்த நரம்பு ஏமாத்தும்னு கத்துக்கிட்டேன். வீட்ல எல்லாரும் எனக்கு தைரியம் சொல்ற படமா தேடித்தேடி போட்டப்போ நான் இத மட்டும் ஒம்பது தடவ பாத்தேன். அதுல கேன்சரும் இல்ல ஒரு மண்ணும் இல்ல.

ஒரு கெழவர் வருவார் அதுல. ரோட்டோரமா இருப்பார், அந்த ராத்திரி செத்துடுவார். ஹீரோ அடுத்தடுத்த நாள்ல என்னென்னமோ பண்ணிப் பாப்பார், காப்பாத்தவே முடியாது. மத்ததெல்லாம் மாத்த முடியும், அத மட்டும் முடியாது. எனக்கு அடுத்த பெட்ல ஒரு அக்கா இருந்தாங்க. நாலாவது சைக்கிளுக்கு நான் போனப்போ அந்த பெட்ல வேற ஆளு. இதுக்கு மேல எழுதல.

கணக்குப்புலி:

இதுக்கு என்ன பதில் எழுதறதுன்னு தெரியல. எழுதினதுக்கு நன்றிங்க.

நிறுத்தற்குறி:

எனக்கு திக்குவாய். டைப் பண்ணும்போது திக்காதுங்கறதால இங்க எல்லாம் நான் பெரிய பேச்சாளன்.

'தி கிங்ஸ் ஸ்பீச்' வந்தப்போ தெரிஞ்சவங்க எல்லாம் பாரு பாருன்னாங்க. முதல் சீன் என்ன அப்படியே உலுக்கிடுச்சு. 1925, பெரிய ஸ்டேடியம், பின்னாடி இங்கிலாந்து ராஜாவான ஆறாம் ஜார்ஜ் மைக் முன்னாடி நிக்கறார், சிவப்பு லைட்டு மினுக்கு மினுக்குன்னு எரிஞ்சு நிக்குது, வார்த்த வரல. வந்த அரை வார்த்தையும் ஒலிபெருக்கில எதிரொலிச்சு திரும்ப அவர் காதுக்கே வருது. எதிர்ல இருக்கறவங்க கண்ண தாழ்த்திக்கறாங்க பாருங்க, அத எழுதினவனுக்கு கண்டிப்பா திக்கியிருக்கணும்னு அப்பவே நெனச்சேன். தேடிப் பாத்தா ஆமா, டேவிட் சைட்லர், சின்ன வயசுல திக்குவாய். ராஜாவோட மனைவி "என் உயிர் இருக்கறவரைக்கும் வேண்டாம்"னு கேட்டுக்கிட்டாங்கன்னு காத்திருந்து, அவங்க 2002ல தவறினப்புறம்தான் எழுத உக்காந்திருக்கார். ஆஸ்கர் வாங்கும்போது வயசு 73.

ஆனா கடைசி சீன் எனக்கு சேரல. நல்ல வாத்தியார், பின்னணி இசை, பேச்சு ஜெயிச்சிடுது, எல்லாரும் கை தட்டறாங்க. எனக்கு இன்னிக்கும் போன்ல என் பேர சொல்ல 8 செகண்ட் ஆகுது, எதிர்முனைல "ஹலோ ஹலோ சிக்னல் இல்லையா"ன்னு வெச்சிடறாங்க. முதல் சீன எத்தனையோ தடவ பாத்திருக்கேன். முழுப் படம் ஒரே தடவதான்.

நூலகப்பூனை:

கணக்குப்புலி சொன்னதுக்கும் பழையசாவி சொன்னதுக்கும் நடுவுல ஒண்ணு இருக்கு. கதைக்குள்ள ஆள் மூழ்கிப் போறத மெலனி கிரீன், டிமதி ப்ராக்னு ரெண்டு பேர் 2000ல அளந்து பாத்தாங்க. பின்னாடி 2004ல கிரீன் செஞ்ச ஆய்வுல, கதைல வர்ற விஷயம் ஏற்கனவே பழக்கமானவங்க மத்தவங்கள விட ஆழமா உள்ள போனாங்கன்னு வந்துச்சு. அதே ஆய்வுல கதை நெஜம் மாதிரி தோணினவங்களும் அதிகமா மூழ்கியிருந்தாங்க. அனுபவம் ஒரு பக்கம் இழுக்குது, படம் ஒழுங்கா இருந்தாகணும்ங்கறது இன்னொரு பக்கம். பியானோவுக்கு நடுவுல தூங்கினது அதனாலதான்.

டிவில வர்றவங்கள நம்ம வீட்டு ஆள் மாதிரி நெனைக்கறதுக்கு 1956லயே ஹார்ட்டன், வோல்னு ரெண்டு பேர் பேர் வெச்சுட்டாங்க. ஆனா இங்க பேசறது அது இல்ல. மொட்டைராணிக்கு பில் முர்ரே சொந்தக்காரர் ஆகல, அந்த காலை 6 மணிதான் சொந்தம்.

மொட்டைராணி:

பில் முர்ரே சொந்தக்காரர் ஆனாலும் எனக்கு ஒண்ணும் ஆட்சேபணை இல்ல.

பாதிக்கதை:

படிச்சுட்டே இருந்தேன், எழுதலாமா வேண்டாமான்னு.

எங்கக்கா செத்தப்போ எனக்கு 9 வயசு. அன்னிக்கு அம்மா கத்தினது எனக்கு ஞாபகமே இல்ல. வாய் தொறந்திருக்கறது ஞாபகம் இருக்கு, புடவை முந்தானைய கடிச்சது ஞாபகம் இருக்கு, சத்தம் மட்டும் இல்ல. நான் எதோ மரத்துப் போன பிள்ளைன்னு ரொம்ப வருஷம் என்ன நானே நெனச்சுட்டு இருந்தேன். அப்புறம் காலேஜ்ல 'பதேர் பாஞ்சாலி' போட்டாங்க. 1955 படம். அப்பா ஊர்ல இருந்து வந்து, பொண்ணு இல்லைன்னு தெரியாம, வாங்கிட்டு வந்த சாமான ஒண்ணொண்ணா காட்டுவார், அவளுக்கு வாங்கின புடவைய நீட்டுவார். அம்மா அத வாங்கி கடிச்சுக்கிட்டு ஓன்னு அழுவாங்க, ஆனா அழுகைச் சத்தம் கேக்காது. அந்த எடத்துல தார்ஷெனாய்னு ஒரு வாத்தியம் மட்டும் கீச்சுன்னு மேல ஏறும். சத்யஜித் ரே அழுகைய எடுத்துட்டு அத வெச்சிருக்கார். கிளாஸ்ல எல்லாரும் என்ன அருமையான உத்தின்னு பேசினாங்க. உத்தியா? எனக்கு அப்படித்தான் கேட்டுச்சு, கேக்காம போச்சு.

அப்புறம் தம்பி அக்கா ஒளிச்சு வெச்ச மாலைய கண்டுபுடிச்சு, யார்கிட்டயும் சொல்லாம குளத்துல வீசுவான். பாசி வெலகி திரும்ப மூடிக்கும். எங்கக்கா விஷயம் ஒண்ணு எனக்கு மட்டும் தெரியும். அம்மாகிட்ட இன்னிக்கு வரைக்கும் சொல்லல. இங்கயும் சொல்லப் போறதில்ல.

ஈரக்குடை:

சொல்லவும் வேண்டாம். பாசி மூடினது மூடினதாவே இருக்கட்டும்.

பழையசாவி:

சரி, ரெண்டாவது கேள்வி. எனக்கு ஒரு அக்கா. வெளிநாட்டுல இருக்கா. அப்பா முடியாம இருந்த அஞ்சு வருஷத்துல மூணு தடவ வந்தா, ஒவ்வொரு தடவையும் ரெண்டு வாரம். தினமும் போன் பண்ணுவா. போன்ல அப்பா அப்படியே பழைய ஆள் ஆயிடுவார், பத்து நிமிஷம் தெளிவா பேசுவார், ஜோக் கூட அடிப்பார். "நல்லாத்தானடா பேசறார், நீ ஏன் இவ்ளோ சொல்ற"ன்னு கேப்பா. போன வெச்ச அடுத்த நிமிஷம் "யார் அந்தம்மா"ன்னு என்கிட்ட கேப்பார். பாத்துக்கிட்டவங்களுக்கு இது தெரியும், வெளியாளுங்க முன்னாடி கொஞ்ச நேரம் எல்லாத்தையும் தூக்கி நிறுத்திடுவாங்க, அப்புறம் சரிஞ்சிடுவாங்க. அவகிட்ட எப்படி சொல்லியும் நம்ப வெக்க முடியல. இப்போ ரெண்டு பேருக்கும் பேச்சு கம்மி. இந்தப் படத்த அவளுக்கு அனுப்பலாமா?

நூலகப்பூனை:

எதுக்கு அனுப்பறீங்கன்னு மட்டும் யோசிங்க. அப்பா எப்படி இருந்தார்னு காட்டவா, நீங்க எப்படி கஷ்டப்பட்டீங்கன்னு காட்டவா.

நிறுத்தற்குறி:

அனுப்பாதீங்க. நான் ஒரு தடவ அந்த முதல் சீன எங்கண்ணனுக்கு அனுப்பினேன். சின்ன வயசுல என்ன மாதிரி பேசிக் காட்டுவான், அத மனசுல வெச்சு. அவனுக்கு அது ஒரு நல்ல படத்துலேர்ந்து ஒரு நல்ல சீன். "சூப்பர்டா"ன்னு கட்டைவிரல் போட்டான். படத்த சாட்சிக்கு கூட்டிட்டுப் போனா அது நம்ம பக்கம்தான் பேசும்னு ஒரு உத்தரவாதமும் இல்ல.

கணக்குப்புலி:

நேத்து ராத்திரி பாத்துட்டேன் அந்தப் படத்த. குலெஷோவ் கதைய சொன்னதுக்கு மன்னிப்பு கேக்கல, ஆனா குரல கொஞ்சம் தாழ்த்திக்கறேன். எனக்கு அப்படி ஒரு அப்பாவும் இல்ல, யாரையும் பாத்துக்கிட்டதும் இல்ல, இருந்தும் கடைசில அந்தாளு அம்மா வேணும்னு கொழந்த மாதிரி அழுதப்போ எழுந்து போய் தண்ணி குடிச்சுட்டு வந்தேன். ஒரு விஷயம் யாரும் சொல்லலையே, மக ஆன் கேரக்டர ரெண்டு நடிகைங்க பண்ணியிருக்காங்க. ஒலிவியா கோல்மன் திடீர்னு ஒலிவியா வில்லியம்ஸா வந்து நிப்பாங்க, "நான்தான் ஆன்"னு சொல்வாங்க. நான் ரிமோட்ட எடுத்து பின்னாடி ஓட்டிப் பாத்தேன், எதையோ விட்டுட்டமோன்னு. அப்பதான் புரிஞ்சுது, அந்தாளுக்கு பின்னாடி ஓட்டிப் பாக்க ரிமோட் கெடையாது.

எழுதி எடுத்த ஃப்ளோரியன் ஸெல்லர வளத்ததுல பாதி அவரோட பாட்டி. இவருக்கு 15 வயசு இருக்கும்போது அவங்களுக்கு இந்த நோய் ஆரம்பிச்சிருக்கு. ஹாப்கின்ஸுக்காக கேரக்டருக்கு ஆன்டனின்னே பேர் வெச்சிருக்கார், படத்துல சொல்ற பொறந்த நாள் கூட ஹாப்கின்ஸோடதுதான், 1937 டிசம்பர் 31. ஆக அந்தப் படத்துக்குள்ள போன எல்லாரும் அவங்கவங்க சாவிக்கொத்த எடுத்துட்டுதான் போயிருக்காங்க.

ஈரக்குடை:

பழையசாவி, முடிஞ்சா 'போஜாக் ஹார்ஸ்மன்'ல நாலாவது சீசன் 11வது எபிசோட் பாருங்க. 2017ல வந்தது. மறதி வந்த ஒரு அம்மாவோட மண்டைக்குள்ள இருந்தே மொத்தமும் போகும், கொஞ்ச பேருக்கு மூஞ்சியே இருக்காது, ஒரு மூஞ்சிய மட்டும் கிறுக்கி அழிச்சிருக்கும். ஆனா தனியா பாக்காதீங்க.

பழையசாவி:

மூணு வாரம் கழிச்சு வரேன், மன்னிச்சுக்கோங்க.

நூலகப்பூனை கேட்டது ரெண்டு நாள் தூங்க விடல. நான் கஷ்டப்பட்டத காட்டத்தான். அப்பாவ வெச்சு அவள ஜெயிக்கத்தான் அனுப்பப் பாத்தேன். அதனால அனுப்பல. ஆனா போன வாரம் பேசிட்டு இருந்தப்போ வாய் தவறி வந்துடுச்சு, இப்படி ஒரு படம் பாத்தேன்னு.

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. அப்புறம் சொல்றா, அவ அத எப்பவோ பாத்துட்டாளாம். அப்பா உயிரோட இருக்கும்போதே. என்கிட்ட ஏன் சொல்லலன்னு கேட்டேன். "ஆன் பாரிஸுக்குப் போறால்ல, அதுக்கப்புறம் என்னால பாக்க முடியல, உன்கிட்ட என்னன்னு சொல்றது"ன்னா.

நான் இத்தன நாளும் ஆன் நான்தான்னு நெனச்சுட்டு இருந்தேன்.

அவ எந்த எடத்துல நிறுத்தினான்னு கேட்டேன், நான் எந்த எடத்துல நிறுத்தினேன்னு சொன்னேன். வாட்ச் விஷயம் வந்துச்சு, அங்கேர்ந்து சாவிக்கொத்து வந்துச்சு, ரெண்டு வருஷத்துல மொத தடவ ஒரு மணி நேரத்துக்கு மேல பேசினோம். வெக்கறதுக்கு முன்னாடி கேட்டா, "அது இப்போ எங்கடா இருக்கு?"

என்கிட்டதான் இருக்குன்னேன்.

"அப்போ அப்பா சொன்னது சரிதான்"னா. ரெண்டு பேரும் மூச்சு முட்ட சிரிச்சோம்.